நெத்திலிக் கடகம்

தவக்காலம் வந்துவிட்டால் எங்கள் கடற்கரையில் திரிகால மணிக்குப் பிறகு பிள்ளைகளை மணலில் பார்க்க முடியாது. கோயில் முற்றத்தில் பாய் விரித்து உபதேசியார் உட்கார்ந்திருப்பார். புதுநன்மை வாங்கப்போகும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம். நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டிய காரியங்கள் ஐந்து என்று அவர் விரல் மடக்க, நாங்கள் ஒரே ராகத்தில் இழுத்துச் சொல்வோம். செய்த பாவங்களை நினைவுக்குக் கொண்டுவருவது, அவற்றுக்காக மனஸ்தாபப்படுவது, இனிச் செய்வதில்லை என்று உறுதி எடுப்பது, குருவிடம் சொல்வது, அவர் இடும் அபராதத்தைத் தீர்ப்பது. எழுபதுகளில் பூசை முழுக்கத் தமிழுக்கு வந்திருந்தது. சங்கீர்த்தன முறையும் 1973-இல் ரோமாபுரியில் புதுப்பிக்கப்பட்டிருந்தது. எங்கள் உபதேசியார் மட்டும் தம் தகப்பனார் கற்றுக்கொடுத்த பழைய பாடத்தையே நடத்திவந்தார். அதில் எனக்கு இன்றும் குறை தெரியவில்லை.

மனஸ்தாபத்தில் இரண்டு வகை உண்டு என்று அவர் பிரித்துச் சொல்வார். நரகத்துக்குப் பயந்து வருந்துவது ஒன்று. இவ்வளவு நல்ல ஆண்டவரை நோகவைத்தோமே என்று அன்பினால் வருந்துவது இன்னொன்று. பின்னதுதான் உத்தம மனஸ்தாபம். குரு கிடைக்காத ஆபத்தில், கரை சேர்ந்ததும் முறையாகச் சங்கீர்த்தனம் செய்வேன் என்ற உறுதியோடு ஒருவன் அப்படி மனம் வருந்தினால், சாவான பாவமும் மன்னிக்கப்படும் என்பது திருச்சபையின் போதனை. வேறு ஊர்ப் பிள்ளைகளுக்கு இது தேர்வில் எழுத வேண்டிய விடையாக இருந்திருக்கலாம். எங்களுக்கு அப்படியில்லை. வள்ளத்தில் அப்பனோ அண்ணனோ இல்லாத வீடு அங்கே இல்லை. வாடைக் காற்று பலத்தால், எந்த சாமியாரும் எட்டமுடியாத தூரத்தில் அவர்களுக்கு மிஞ்சுவது அந்த மந்திரம் ஒன்றுதான். முதல்முறை கடலுக்குப் போகும் பையனைத் துடுப்பைத் தொடவிடுவதற்கு முன்னால், உத்தம மனஸ்தாப மந்திரத்தைத் தட்டாமல் சொல்லச் செய்து கேட்பார் என் தாத்தா.

இந்தக் கரைக்கும் சங்கீர்த்தனத்துக்கும் உள்ள உறவு பழையது. சவேரியார் 1542-இல் வந்து போனபின், அண்டிரிக் அடிகளார் ஐம்பதாண்டுக்கும் மேலாக முத்துக்குளித்துறையிலேயே வாழ்ந்து, 1600-இல் இங்கேயே இறந்தார். தமிழ் எழுத்தில் முதன்முதலாக அச்சேறிய புத்தகங்கள் அவர் உழைப்பில் வந்தவை. கொல்லத்தில் 1578-இல் ‘தம்பிரான் வணக்கம்’ வந்தது. அடுத்த சில ஆண்டுகளுக்குள், 1580-இல், கொச்சியில் அச்சான ‘கொம்பெசியொனாயரு’ முழுக்கப் பாவசங்கீர்த்தனத்துக்கான கையேடு. அதன் படி ஒன்று ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. வளர்ந்தபின் இதைப் படித்தபோது எனக்குப் பாட்டியின் முகம்தான் நினைவில் வந்தது. தமிழ் எழுத்து ஈய அச்சில் ஏறிய அந்தத் தொடக்கத்திலேயே, பாவத்தை எப்படி வாய்விட்டுச் சொல்வது என்று எங்கள் முன்னோர்களுக்கு ஒருவர் எழுதிக்கொடுத்திருக்கிறார். பாட்டிக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் அந்தப் பாடம் வாய்வழியே அவளிடம் வந்து சேர்ந்திருந்தது.

பாடுகளின் வாரத்துக்கு முன்பே சுரூபங்களையெல்லாம் ஊதாத் துணியால் மூடிவிடுவார்கள். பிறகு மூன்று நாள் தியானம். வெளியூரிலிருந்து தியானச் சாமியார் வருவார். அவரிடம் சங்கீர்த்தனம் செய்யத்தான் கூட்டம். நம் முகமும் குரலும் தெரியாதவர், தியானம் முடிந்தால் போய்விடுவார் என்ற தைரியம். ஆண்கள் அவர் முன்னால் முழந்தாளிடுவார்கள். பெண்களுக்குச் சங்கீர்த்தனத் தொட்டியின் பக்கவாட்டில், துளைகள் போட்ட பலகைக்கு அந்தப்புறம். வருஷத்துக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் என்று 1215-இல் லாத்தரான் சங்கம் விதித்ததை ஒருநாளும் மீறாத, அதற்கு மேல் ஒருமுறைகூட வராத முரட்டுத் தண்டல்மாரெல்லாம் அன்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். எழுந்து போகும்போது அவர்கள் நடை வேறாக இருக்கும். அதைப் பார்ப்பதற்காகவே நான் தூணோரம் உட்கார்ந்திருப்பேன்.

ஒரு வருஷம் பாட்டியும் வரிசையில் நின்றாள். அவள் எதையும் லேசாக எடுத்துக்கொள்கிறவள் அல்ல. நன்மை வாங்க ஒரு மணி நேர உபவாசம் போதும் என்று 1964-லேயே தளர்த்திவிட்டார்கள். அவளோ சாகும்வரை நள்ளிரவு தொடங்கிப் பச்சைத் தண்ணீரும் பல்லில் படாமல் இருந்தவள். அவளுக்கு முன்னால் நாலைந்து பேர்தான் இருந்தார்கள். திடீரென்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வரிசையை விட்டு வெளியே வந்தாள். என் கையைப் பிடித்தாள். “வா ஏட்டி” என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

காரணம் எனக்கும் தெரிந்ததுதான், தெருவுக்கே தெரிந்தது. கார்த்திகையில் திடீர் மழை வந்தபோது, மணலில் காய்ந்துகொண்டிருந்த நெத்திலியைப் பெண்களெல்லாம் சேர்ந்து அள்ளிக் குவித்தார்கள். பாட்டியின் சரக்கும் அடுத்த வீட்டு மதினியின் சரக்கும் கலந்துவிட்டன. பிரிக்கும்போது தன் பங்கு குறைவதாக மதினி சொல்ல, பாட்டி குழாயடியில் எல்லார் முன்னாலும் அவளைப் பொய்க்காரி என்று ஏசிவிட்டாள். அன்றிலிருந்து இரு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

வீட்டுக்கு வந்த பாட்டி பானையைத் திறந்து, மரக்காலால் நெத்திலிக் கருவாட்டை அளந்து கடகத்தில் கொட்டினாள். தலைதட்டாமல், கும்பலாக அளந்தாள். அதை என் தலையில் ஏற்றினாள். நேரே மதினி வீட்டுக்குப் போவாள் என்று நினைத்தேன். குழாயடிக்குப் போனாள். குடங்களோடு பத்துப்பன்னிரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள், மதினியும் அங்கேதான் இருந்தாள்.

“மதினி, அன்னைக்குக் கூடுதலா அள்ளுனது நான்தான். பொய் சொன்னதும் நான்தான். இங்க வச்சுத்தான் ஒன்னைய ஏசுனேன், இங்க வச்சே சொல்லுதேன். மன்னிச்சுக்க.”

எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காமல் திருட்டுக்கு மன்னிப்பில்லை, கெடுத்த பேரைச் சரிசெய்யாமல் அவதூறுக்கு மன்னிப்பில்லை என்று உபதேசியார் சொல்லிக்கொடுத்திருந்தார். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போகச் சொன்ன சேசுவின் வார்த்தையை நாங்கள் மனப்பாடமாகவே வைத்திருந்தோம். ஆனால் அதற்கு ஒரு உடம்பு உண்டு, அது குழாயடிச் சேற்றில் நின்று நடுங்கும் என்று அன்றுதான் கண்டேன். தொட்டிக்குள் சொல்வது யாருக்கும் தெரியக்கூடாது. அந்த ரகசியத்தைக் காக்கக் குரு உயிரையும் கொடுக்க வேண்டும். அந்த ரகசியம் எவ்வளவு புனிதமோ, அவ்வளவு புனிதம் குழாயடியில் உரக்கச் சொன்ன அந்தச் சொல்லும். முந்தியதை வைத்துப் பிந்தியதைத் தட்டிக்கழிக்கிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். கடவுளிடம் சொல்லியாயிற்று, இனி அவனிடம் எதற்கு என்பார்கள். பாட்டி அப்படி நினைத்ததில்லை.

மதினி அழவும் இல்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. கடகத்தை இறக்கச் சொல்லி, கையால் துழாவிப் பார்த்தாள். “இது எம் பங்குக்கு மேல இருக்கு மதினி” என்று இரண்டு கை அள்ளிப் பாட்டியின் முந்தானையில் போட்டாள். பாட்டி வேண்டாம் என்றாள். “அப்போ எனக்குத்தான் பாவம் சேரும்” என்று மதினி அடம்பிடித்தாள். பிறகு குடத்தை மகளிடம் கொடுத்துவிட்டு, “நானும் வாறேன். ஒன்னையப் பத்தி நானும் கொஞ்சமா பேசல” என்றாள்.

இருவரும் வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் தியானச் சாமியார் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கடைசி ஆள் போகும்வரை அவர் எழுந்திருக்கமாட்டார் என்பது ஊருக்குத் தெரியும். பாட்டி முழந்தாளிட்டாள், நெடுநேரம் கழித்து எழுந்தாள். அபராதமாகக் கிடைத்த செபத்தை அங்கேயே சொல்லித் தீர்த்துவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

திரும்பும் வழியில் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். “சாமியார் என்ன சொன்னாரு பாட்டி?”

“அது ஒனக்கு எதுக்கு ஏட்டி? காலையில மதினி வீட்டுக்குப் போயி, கடகத்த வாங்கிட்டு வா. அவ காப்பி குடுத்தா குடிச்சுட்டு வா.”