சோர்னின் நான்கு வண்ணங்கள்

ஸ்டாக்ஹோம் தேசிய அருங்காட்சியகம் 2021இல் சுவீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்னின் ஓவியங்களைத் திரட்டிப் பெரிய கண்காட்சி வைத்தது. அவர் மறைந்து நூறாண்டு கடந்திருந்தது. கூட்டம் சீமாட்டிகளின் பட்டாடைகளை மொய்த்தது. எனக்கோ 1896இல் அவர் தன்னையே வரைந்த படத்தை விட்டு நகர மனம் வரவில்லை. மங்கலான ஓவியக்கூடம். பின்னால் இருளில் மாடல் பெண். முன்னால் சோர்ன், சிகரெட்டும் கையுமாக. அவருடைய வண்ணத்தட்டில் வெள்ளை, மஞ்சள் காவி, செந்தூரச் சிவப்பு, கருப்பு. அவ்வளவுதான்.

நீலம் வேண்டாமா? கருப்பில் வெள்ளையைக் குழைத்தால் வரும் சாம்பலைச் சிவப்புக்கும் காவிக்கும் பக்கத்தில் தீட்டிப் பாருங்கள், கண் அதை நீலமாகவே எடுத்துக்கொள்ளும். காவியோடு கருப்பு சேர்ந்தால் பாசிப்பச்சை. எல்லாப் படங்களையும் அவர் இந்த நான்கிலேயே முடித்துவிடவில்லை, தேவைப்பட்ட இடத்தில் நீலத்தையும் தொட்டிருக்கிறார். ஆனால் முகத்துக்கும் தோளுக்கும், தோலுக்கடியில் ஓடும் ரத்தத்தின் சூட்டுக்கும் இவையே அவருக்குப் போதுமாயிருந்தன. இன்றும் உலகெங்கும் ஓவியம் பயில்பவர்கள் 'சோர்ன் தட்டு' என்றே சொல்லி இந்த நான்கில் கை பழகுகிறார்கள்.

1860இல் மூரா என்ற ஊரில் பிறந்தவர். தாய் பீர் ஆலையில் கூலி வேலை பார்த்தவர். தந்தை ஜெர்மானியர், பீர் வடிக்கும் தொழில். மகன் அவர் முகத்தைக் கண்டதே இல்லை. தாத்தா பாட்டியின் பண்ணையில் வளர்ந்து, 15 வயதில் ஸ்டாக்ஹோம் கலைக்கழகத்தில் சேர்ந்தார். பிறகு லண்டன், பாரிஸ், அமெரிக்கா. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் சுவீடனின் ஓவியப் பிரிவுக்கு அவரே பொறுப்பாளர். நம் ரவி வர்மாவின் படங்கள் போய்ப் பரிசு வாங்கி வந்த அதே கண்காட்சி. கிளீவ்லாந்து, டாஃப்ட் என அமெரிக்க அதிபர்கள் அவர் முன் உட்கார்ந்தார்கள். பணமும் புகழும் கொட்டின. அவர் போன பின் காலம் மாறியது. நவீன ஓவியத்தின் அலையில், கை வேகம் மட்டுமே உள்ளவர், பணக்காரர்களின் ஓவியர் என்று ஒதுக்கினார்கள்.

அந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. 'எங்கள் அன்றாட அப்பம்' என்ற 1886ஆம் ஆண்டு நீர்வண்ணப் படத்தைப் பார்த்தவர்கள் ஏற்கமாட்டார்கள். வயலோரம் தீ மூட்டி, அறுவடைக்காரர்களுக்காகக் கிழவி ஒருத்தி உணவு சமைக்கிறாள். நீர்வண்ணத்தில் தவறினால் மறைக்க வழியில்லை. புல்லும் புகையும் சட்டியும் அத்தனை பொறுமையாக வந்திருக்கின்றன. உழைத்து ஓய்ந்த அந்த உடம்பை மரியாதையோடு பார்த்த கண் அது. கை வேகம் மட்டும் இதைத் தராது.

பிறகு 1897இன் 'நடுக்கோடை நடனம்'. சுவீடனில் நடுக்கோடையில் இரவென்பது பெயருக்குத்தான். தாழ்ந்த வெளிச்சத்தில் கிராமத்து ஜோடிகள் சுழல்கிறார்கள். பின்னாலுள்ள மரவீட்டின் சன்னல் கண்ணாடியில் மட்டும் சூரியன் சிவந்து எரிகிறது. கிட்டே போனால் பாவாடைகள் வெறும் தீற்றல்கள். பத்தடி தள்ளி நின்றால் துணி விரிந்து சுழல்கிறது. எந்தத் தீற்றலை எங்கே நிறுத்துவது என்று தெரிந்ததே அவருடைய பெரிய அறிவு. உலகத்தின் வரவேற்பறைகளை எல்லாம் பார்த்துவிட்டு 1896இல் மூராவுக்கே திரும்பிவந்து குடியேறியவர் வரைந்த படம் இது. எனக்கு அவருடைய மற்ற எல்லாவற்றையும்விட இதுவே உயர்ந்தது.

அந்தக் கண்காட்சி முடிந்துவிட்டது. ஆனால் இந்த மூன்று படங்களும் தேசிய அருங்காட்சியகத்தின் சொந்த உடைமை. மூராவில் 1939 முதல் சோர்னுக்கென்றே தனி அருங்காட்சியகம் இருக்கிறது. பக்கத்திலேயே அவர் வாழ்ந்த வீடு. ஸ்டாக்ஹோமிலிருந்து ரயிலில் சுமார் நான்கு மணி நேரம். சுவீடன் போகும் வாய்ப்புக் கிடைத்தால் ஒரு நாளை மூராவுக்கு ஒதுக்குங்கள்.