விருதுநகரில் ஒரு புதுக்குடித்தனம்

திருமணத்தன்று மணமக்களை வாழ்த்துவது எளிது. அவர்களைக் குடித்தனம் வைப்பது அத்துணை எளிதன்று. எங்கள் இளைய மகனுக்கு விருதுநகரில் வேலை. மருமகள் அவ்வூர்ப் பள்ளியொன்றில் ஆசிரியை. தெப்பக்குளத்துக்குச் சற்றுத் தள்ளி, ஒரு சந்தில், கூடமும் இரண்டு அறைகளும் கொண்ட வாடகை வீடு அமைந்தது. அதில் மூவராக வாழ்வதென்று இளையவர்கள் முடிவு செய்திருந்தனர். மூன்றாமவர் எங்கள் சம்பந்தியம்மாள். கணவரை இழந்தபின், சிவகாசிப் பட்டாசு ஆலையில் சரம் பின்னி, ஒரே மகளைப் படிக்க வைத்தவர். ஆனால் அவர் இசையவில்லை. “பெண்ணைக் கொடுத்த இடத்தில் போய் உட்கார்ந்து சாப்பிடுவதா?” என்பது அவர் கேள்வி. ஒரு சனியும் ஞாயிறும் அங்குத் தங்கி, வீட்டுக்கு வேண்டியவற்றை வாங்கி வைத்து, அவரையும் அழைத்து வந்து காட்டினால் மனம் இளகுவார் என்றெண்ணி, ஆவணி மாதத்தில் மதுரையிலிருந்து புறப்பட்டோம்.

தெற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர். திருமங்கலம் தாண்டியதும் பசுமை குறைந்து, கரிசல் மண்ணும் சீமைக்கருவேலும் கண்ணில் படுகின்றன. விருதுபட்டி என வழங்கிய ஊர் 1923-இல் விருதுநகர் எனப் பெயர் பெற்றது. வானம் பார்த்த பூமி. ஆயினும் வணிகத்தால் வாழ்ந்த ஊர். வற்றல், மல்லி, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றின் விருதுநகர் விலை நிலவரத்தைச் செய்தித்தாள்கள் தனியே அச்சிடும் அளவுக்கு அதன் வாணிகம் பெரிது.

முற்பகல் முழுவதும் மெயின் பஜாரில் கழிந்தது. எவர்சில்வர் குடங்கள், மாவரைக்கும் கிரைண்டர், இரண்டு கட்டில்கள், மெத்தைகள், ஓர் இரும்புப் பீரோ ஆகியவற்றை வாங்கினோம். சம்பந்தியம்மாளுக்கென ஒதுக்கிய பின்னறையில் அவருக்கொரு கட்டிலும் போட்டோம். இடம் போதாமையால் பீரோவைப் பின்கதவை ஒட்டி நிறுத்தினோம். பார்க்க நன்றாகவே இருந்தது.

பிற்பகலில் அவரை அழைத்துவரச் சிவகாசிக்குப் பேருந்து ஏறினோம். ஏறக்குறைய 25 கிலோமீட்டர். மழை குறைந்து, காற்றில் ஈரமற்றுக் கிடக்கும் இந்த வறட்சியே தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஏற்றதாயிற்று. 1922-இல் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இரு இளைஞர் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டி பட்டாசுக்கு வழி திறந்தது. அவ்விரண்டுக்கும் ஒட்ட வேண்டிய படத்தாள் அச்சகங்களுக்கு வழி திறந்தது. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் தீட்டிய படங்கள் இங்கு அச்சாகி ஊர்தோறும் நாட்காட்டிகளாயின. நம் இல்லங்களில் தொங்கும் திருஇருதய ஆண்டவர் படத்தையும் வேளாங்கண்ணி அன்னை படத்தையும் திருப்பிப் பாருங்கள். அடியில் சிவகாசி என்றிருப்பது அரிதன்று.

இத்தொழிலின் மறுபக்கமும் உண்டு. சம்பந்தியம்மாள் பத்து வயதிலேயே தீப்பெட்டி ஒட்டத் தொடங்கியவர். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. சிவகாசிச் சிறுவர் பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. அவருடைய குழந்தைப் பருவம் அதற்கெல்லாம் முன்னரே கழிந்துவிட்டது. மகளை மட்டும் அப்பக்கம் அண்டவிடவில்லை.

சனிக்கிழமை, வாரக்கூலி நாள். கூலியை முந்தானையில் முடிந்துகொண்டு எங்களுடன் வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். எல்லாம் நன்றாயிருக்கிறது என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார்.

நள்ளிரவில் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, அவர் கூடத்தில் தலைவாசலருகே சுவரில் சாய்ந்து அமர்ந்திருக்கக் கண்டோம். கட்டில் பழக்கமில்லையோ என வினவினோம். தயங்கியபின் சொன்னார்: “கட்டிலில் குறையில்லை சம்பந்தி. அந்த அறைக்கு ஒரு வாசல்தானே இருக்கிறது?”

எங்களுக்கு விளங்கவில்லை, அவரே விளக்கினார். பட்டாசு ஆலையில் மருந்து செலுத்தும் அறைக்குள் நால்வருக்கு மேல் இருத்தலாகாது. கதவுகள் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். வழியில் ஒரு கூடையும் கிடக்கக் கூடாது. உடுப்பது பருத்தியாக இருக்க வேண்டும். இவ்விதிகள் மீறப்பட்ட இடங்களில் எத்தனை உயிர்கள் போயின என்பது அவ்வட்டாரம் அறிந்தது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த விபத்தில் மாண்டோர் முப்பதுக்கும் மேற்பட்டவர். அன்றெழுந்த புகையை இவர் தம் ஆலை வாசலில் நின்று பார்த்தவர். “வாசலை மறிக்காதே என்றுதான் முப்பது வருடமாகப் பழகியிருக்கிறேன். கண்ணை மூடினால் அந்தப் பீரோதான் நிற்கிறது” என்றார்.

மகனை எழுப்பினோம். சத்தம் கேட்டு மருமகளும் வந்தாள். நால்வருமாகப் பீரோவைக் கூடத்துக்கு நகர்த்தினோம். அது கூடத்தின் அழகைக் கெடுத்தது. அறையோ இரு வாசல் பெற்றது. அவர் பின்கதவைத் திறந்து, மூடி, மீண்டும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுப் படுத்தார். கோவில் மணி ஒலிக்கும் வரை உறங்கினார்.

ஞாயிறு திருப்பலிக்குப்பின் காமராசரின் இல்லத்துக்குச் சென்றோம். சிறிய வீடு. 1954 முதல் 1963 வரை முதலமைச்சராயிருந்தவருடைய அன்னை சிவகாமி அம்மையார் இவ்வீட்டிலேயே வாழ்ந்தார். சம்பந்தியம்மாள் அதைப் பற்றிக்கொண்டார். “பார்த்தீர்களா? நாட்டையே ஆண்ட மகன் இருந்தும் அந்தத் தாய் தம் வீட்டை விட்டுப் போகவில்லை.” நாங்கள் விடை தேடித் தவிக்கையில் மருமகள் மெல்லச் சொன்னாள்: “அந்த மகன் அழைத்துக்கொள்ளவில்லை அம்மா. நான் அழைக்கிறேனே.” அதற்குமேல் எவரும் பேசவில்லை.

பகல் காட்சிக்குத் திரையரங்கம் சென்றோம். திரைப்படம் என்றாலே முகம் சுளிப்போர் நம்மிடையே உண்டு. குடும்பமாய்ச் சிரித்து மகிழும் மூன்று மணி நேரத்தை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். இவ்வூரில் பிறந்த இயக்குநர் வசந்தபாலன் 2006-இல் எடுத்த ‘வெயில்’ படத்தில், வீட்டை விட்டோடிய சிறுவன் ஒருவன் திரையரங்கிலேயே வளர்வான் என்று மகன் வழியில் சொல்லி வந்தான். நாங்கள் பார்த்த படத்தில் ஒரு திருமணக் காட்சி, நீண்ட சரவெடி வெடித்தது, அரங்கமே கைதட்டியது. சம்பந்தியம்மாள் மட்டும் விரல்களை மடக்கி மடக்கிக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார். “பத்தாயிரம் சரம். எத்தனை பேர் கை பட்டதோ!” என்றார். பிறர் கொண்டாட்டத்துக்குப் பின்னே இருக்கும் கைகளை நாங்கள் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

இருட்டியதும் பரோட்டாக் கடைக்குப் போனோம். விருதுநகர் எண்ணெய் பரோட்டாவின் புகழ் யாவரும் அறிந்ததே. மைதா மாவை வீசி, மடித்துச் சுருட்டித் தட்டி, எண்ணெய் நிறைந்த கல்லில் மொறுமொறுப்பாகப் பொரித்தெடுக்கின்றனர். அதைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவில் ஊறவிட்டு உண்ண வேண்டும். சம்பந்தியம்மாள் இரண்டு கேட்டு வாங்கி உண்டார். பணம் கொடுக்கும் நேரத்தில் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். மகன் தடுத்தான். “விடுங்கள் மாப்பிள்ளை, இன்றைக்கு என் சாப்பாடு” என்றார். கண்ணால் சைகை காட்டி மகனைப் பின்வாங்கச் செய்தோம்.

அப்போதுதான் எங்கள் பிழை எங்களுக்கே புலனாயிற்று. கட்டில் முதல் கரண்டி வரை அனைத்தையும் நாங்களே வாங்கி நிரப்பி, அவர் கொண்டுவருவதற்கென எதையும் மீதி வைக்கவில்லை. வெறுங்கையோடு வா என்றால் தன்மானமுள்ள எந்தத் தாய் வருவாள்? திரும்பும் வழியில் அவர் ஒரு கடையில் நின்று, பேரம் பேசி, கோரைப்பாய் ஒன்று வாங்கினார். நாங்கள் விலையைக்கூடக் கேட்கவில்லை.

பசுமைப் பட்டாசு மட்டுமே செய்யலாம் என்று 2018-இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டபின், பல ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததை அவர் மறக்கவில்லை. ஆதலால் கையிலிருக்கும் வேலையை இடையில் விட மனமில்லை. சிவகாசிப் பேருந்தில் ஏறும்போது மகளிடம், “தீபாவளி போனஸை வாங்கிக்கொண்டு வருகிறேன்” என்றார். எதற்கு வருகிறார், எத்தனை நாளுக்கு என்று மகள் கேட்கவில்லை.

சேர்ந்து வாழ வீடு அமைக்கும் குடும்பங்களே, பொருள்களை அடுக்குமுன், வரவிருப்பவரிடம் அவருக்கு எந்த வாசல் திறந்திருக்க வேண்டுமென்று ஒரு சொல் கேளுங்கள். நாங்கள் கேட்கத் தவறினோம்.

வீடு திரும்பிப் பின்னறையில் விளக்கேற்றினோம். கோரைப்பாய் சுருட்டி நிறுத்தப்பட்டிருந்தது. பின்கதவுக்குப் பக்கத்தில், வழியை மறிக்காமல்.