கொழும்புத்துறைக் காற்றும் கைக்குழந்தையும்

யாழ்ப்பாண நகரின் தென்கிழக்கு ஓரத்திலே, கடனீரேரியை நோக்கியவாறு அமைந்த ஊர் கொழும்புத்துறை. முன்னாளிலே இத்துறையிற் தோணியேறி, அக்கரையிலுள்ள பூநகரியை அடைந்து, அங்கிருந்து தெற்கு நோக்கிப் பயணஞ் செய்தோர் பலர். யோகர் சுவாமிகள் 1964ஆம் ஆண்டிற் சமாதியடையும் வரை வாழ்ந்த குடிலும் இவ்வூரிலேயே இருந்தது. இன்று பூநகரிக்குச் செல்வோர் 2011ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தின் வழியே செல்கின்றனர். ஆயினும் நீரேரியின் மேலாக வரும் காற்று மட்டும் பழைய துறையை மறக்கவில்லை.

அக்காற்றின் அருமையை அறிய வேண்டுமாயின் சித்திரை மாதத்தில் இங்கு வரவேண்டும். யாழ்ப்பாணம் புவிமத்திய கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 9 பாகை 40 கலையில் உள்ளது. ஆதலால் சித்திரை வருடப் பிறப்பையொட்டியும், மீண்டும் ஆவணியிலும், கதிரவன் நம் உச்சிக்கு நேரே நிற்கின்றான். வைகாசியிற் சோளகம் எழும்வரை ஓலைகூட அசையாத நாட்கள் உண்டு. அந்நாட்களிற் பிறக்கும் குழந்தையின் நிலை என்ன?

சென்ற சித்திரையில் இவ்வூரில் ஓர் உறவினர் வீட்டிற்குச் சென்றிருந்தேன். பிறந்து பன்னிரண்டு நாட்களேயான பெண் குழந்தை ஏணையிற் கிடந்தது. தலையிலே கம்பளித் தொப்பி. உடலிலே இரட்டைத் துணி. யன்னல்கள் சாத்தப்பட்டிருந்தன. மேலே தகரக் கூரை அனலைச் சொரிந்துகொண்டிருந்தது. “யன்னலைத் திறந்தாலென்ன, மாமி?” என்றேன். “காத்துப் பட்டால் பிள்ளைக்குத் தடிமன் பிடிக்கும், தம்பி” என்றார் பேர்த்தியைக் காத்திருந்த முதியவர்.

அவர் அச்சத்தை நகைத்து ஒதுக்குதல் தகாது. பிறந்த குழந்தைக்குக் குளிர் தீங்கு செய்யும் என்பது உண்மையே. அன்றியும், அவர் பிறந்து வளர்ந்த வீடு வேறு. மண்சுவர், பனையோலைக் கூரை, வெயில் தடுக்கும் தாழ்வாரம், காற்றை வடித்து உள்ளே விடும் கிடுகு வேலி, முற்றத்து வேம்பு ஆகியன அவ்வீட்டைக் குளிர்வித்தன. அங்கே அறையைச் சாத்தினாலும் வெப்பம் அவ்வளவாக ஏறாது. இன்று ஓலை போய்த் தகரம் வந்துவிட்டது. சாத்தும் வழக்கம் மட்டும் எஞ்சியுள்ளது. கேடு விளைவது இப்பொருத்தமின்மையால்.

குழந்தையின் உடலோ சிறியது. எடையை நோக்க அதன் தோற்பரப்பு பெரிது. ஆகவே சூழலின் வெப்பத்தை விரைவில் ஏற்கும். வியர்த்துக் குளிரும் ஆற்றலும் அதற்கு இன்னும் நிரம்பவில்லை. அதன் இயல்பான வெப்பநிலை 36.5 முதல் 37.5 பாகை செல்சியசு வரையாகும். கைகால் குளிர்ந்திருப்பதைக் கண்டு போர்த்துதல் பிழை. நெஞ்சையும் பிடரியையும் தொட்டுப் பார்த்தே அறிதல் வேண்டும். அவை வியர்த்துச் சுட்டால் ஒரு துணியைக் களைக.

வெப்ப நாளில் மெல்லிய பருத்தித் துணி ஒன்றே போதும். வீட்டினுள்ளே தொப்பி வேண்டா. வெயில் விழும் யன்னலை மறைத்து, எதிர்ப்புற யன்னலைத் திறந்துவிடுக. விசிறியின் காற்று அறையிற் சுழலட்டும். முகத்தில் நேரே மோதவேண்டியதில்லை. ஏணைத் துணி இருபுறமும் மூடிக்கொண்டு காற்றைத் தடுக்கும். ஆகவே சமமான, உறுதியான படுக்கையில் நிமிர்த்திக் கிடத்துதலே நன்று. நுளம்பு வலை கட்டலாம். தொட்டிலின் மேற் போர்வை விரித்தல் ஆகாது. கற்கண்டுத் தண்ணீரும் வேண்டா. தாய்ப்பாலில் நூற்றுக்கு ஏறத்தாழ 87 பங்கு நீரே. கோடையிலும் ஆறு மாதம் வரை அதுவே உணவும் தண்ணீரும். அடிக்கடி பாலூட்டுக, தாய் தாராளமாக நீர் அருந்துக.

மின்விசிறியையே நம்பியிருத்தலும் அறிவன்று. 1990ஆம் ஆண்டு தொடக்கம் பல ஆண்டுகள் குடாநாடு மின்சாரமின்றித் தவித்தது. 2022ஆம் ஆண்டு பங்குனி இறுதியில் இலங்கை முழுவதும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. அந்நாட்களில் எத்தனையோ தாய்மாரின் கையிற் பனையோலை விசிறியே துணைநின்றது.

எனினும் கைவைத்தியத்திற்கு எல்லையுண்டு. குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, சோர்ந்து கிடந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, உச்சிக்குழி தாழ்ந்தாலோ, வேகமாக மூச்சு வாங்கினாலோ, வெப்பநிலை 38 பாகையை எட்டினாலோ, நாளை பார்ப்போம் என்று இருத்தலாகாது. பனிக்கட்டி நீரில் துடைக்கவும் வேண்டா. யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை கொழும்புத்துறைக்கு அண்மையிலேயே உள்ளது. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் நோயாளர் வண்டி இலவசமாக வரும். ஐயம் சிறிதாயினும் வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்கலாம்.

மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பிக்க 1847ஆம் ஆண்டு இக்குடாநாட்டிற்கு வந்த வைத்தியர் கிறீன் மானிப்பாயில் உழைத்தார். புதிய அறிவு தாய்மொழியில் வந்தால் வீடுவரை செல்லும் என்பதை அவர் பணி காட்டிற்று. நம் பாட்டிமாரிடம் அன்பும் விழிப்பும் நிறைய உண்டு. அவற்றோடு இவ்வறிவையும் பணிவாகச் சேர்ப்பது படித்த பிள்ளைகளின் கடன். மாணவர்காள், உங்கள் வீட்டிலும் ஒரு கைக்குழந்தை இருப்பின், இன்று நண்பகலில் அவ்வறையினுள்ளே சிறிது நேரம் நின்று பாருங்கள். உங்களுக்கு வியர்த்தால் யன்னலைத் திறந்துவிடுங்கள்.