ஒரே எழுத்து, இடத்துக்கொரு இயல்பு

1999 செப்டம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், மரபணு மருத்துவச் சோதனையொன்றில் பங்கேற்ற ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்னும் 18 வயது இளைஞர் உயிரிழந்தார். அவருடைய கல்லீரலில் குறைந்திருந்த நொதிக்குரிய மரபணுவைச் சுமந்து சென்றது, நோயுண்டாக்கும் திறன் நீக்கப்பட்ட அடினோவைரஸ். உடலோ அதனைப் பகையாகவே கண்டது. மருந்து செலுத்திய நான்காம் நாள் எல்லாம் முடிந்தது.

வைரஸின் துணையின்றி மரபணுவைச் செல்லுக்குள் சேர்க்க இயலுமா என்ற வினா அதற்கு முன்பே எழுந்திருந்தது. 1987இல் வடிவமைக்கப்பட்ட காலா என்னும் பெப்டைடு அத்தேடலில் ஒரு தொடக்கம். குளூட்டாமிக் அமிலம், அலனின், லியூசின், அலனின் என்ற அடுக்கு மீண்டும் மீண்டும் வரும் 30 அமினோ அமிலங்களின் தொடர் அது. செல் விழுங்கும் எதுவும் முதலில் எண்டோசோம் என்னும் பைக்குள் அகப்படும். அங்கேயே கிடந்தால் சிதைவுதான். வெளியே, நடுநிலைச் சூழலில், குளூட்டாமிக் அமிலங்கள் எதிர்மின்னேற்றத்தால் ஒன்றையொன்று விலக்க, காலா உருவமற்றுக் கிடக்கும். பைக்குள் அமிலத்தன்மை ஏறியதும் அம்மின்னேற்றம் தணியும். தொடர் சுருளாக முறுக்கிக்கொண்டு சவ்வைத் துளைக்கும். ‘கடல்’ என்பதிலும் ‘பகல்’ என்பதிலும் ககரம் ஒன்றே, ஒலி வேறு. தமிழிலக்கணம் பயின்றோருக்கு இது வியப்பளிக்காது.

ஆனால் டி.என்.ஏ.வும் எதிர்மின்னேற்றம் உடையது; காலாவால் அதைப் பற்ற இயலாது. ஆகவே நேர்மின்னேற்றமுள்ள லைசினை இட்டு, 1997இல் கேலா உருவாயிற்று. அதனை டி.என்.ஏ.வுடன் கலந்தாலே போதும், இரண்டும் தாமே கூடி நுண்துகள்களாகத் திரளும். ஒட்டவைக்க வேறொன்றும் வேண்டா. (அதன் குறியெழுத்து வரிசையில் முதல் நான்கும் சேர்ந்து, ‘வலுவற்ற’ எனப் பொருள்படும் ‘வீக்’ என்ற ஆங்கிலச் சொல்லாகிவிட்டது தற்செயல்.)

சிக்கல் அந்த வலுவில்தான் இருக்கிறது. கேலா நடுநிலைச் சூழலிலேயே சுருளாகிவிடும். எண்டோசோமைக் கிழிக்கும் ஆற்றல் செல்லின் புறச்சவ்வையும் கிழிக்கக்கூடும். பிடி தளர்ந்தால் டி.என்.ஏ. வழியிலேயே சிதறும், இறுகினால் உட்கருவை அடைந்தும் படிக்கப்படாமல் கிடக்கும். இதனால்தான் பின்வந்த வடிவமைப்பாளர் பலர் ஹிஸ்டிடினை நாடினர். குருதியில் பெரும்பாலும் மின்னேற்றமின்றி இருந்து, எண்டோசோமின் அமிலத்தில் மட்டும் நேர்மின்னேற்றம் பெறும் எழுத்து அது. அதனை எத்தனை இடங்களில், எந்த லைசினுக்கு மாற்றாக வைப்பது என்பதை இன்றும் ஒவ்வொரு தொடராகச் செய்துபார்த்தே அறிகின்றனர்.