கல் நட்ட கோட்டுக்கு வெளியே

சாலையை அகலப்படுத்துமுன் தொல்லியல் மேற்பரப்பாய்வுக்குப் போகிறவர் கையில் வரைபடம் ஒன்று இருக்கும். எல்லைக்கல் நட்ட கோட்டோடு நடந்து முடித்தால் வேலை தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். விருதுநகர்ப் பக்கம் நான் முதலில் விசாரிப்பது வேறு: சாலைக்கு மண் எங்கிருந்து வரப்போகிறது?

கரிசல் மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். அதன்மேல் சாலையை நிறுத்தச் சரளையும் செம்மண்ணும் லாரி லாரியாக வேண்டும். அவை கிடைப்பது உழவுக்கு உதவாத மேட்டில். இரும்புக்காலத்து மக்கள் தாழி புதைத்ததும் பெரும்பாலும் அப்படிப்பட்ட மேட்டில்தான். ஆதிச்சநல்லூர்ப் பரம்பைப் பார்த்தாலே தெரியும். சாலை தொடாத ஈமக்காட்டை ஜேசிபி தொட்டுவிடும்.

கரிசலில் தேடுவது தனி வித்தை. மேலே கிடந்த பானை ஓடு கோடை வெடிப்பில் விழுந்து மறையும். அதனால், கண்ணில் ஓடு படவில்லை என்பதற்காகக் கீழே ஒன்றுமில்லை என்று அறிக்கை எழுதக்கூடாது. உழுத நிலத்தில் ஒரு மழை பெய்து மண் அலசிய பிறகு, காலைச் சாய்வெயிலில் போகவேண்டும். கறுப்பு சிவப்பு ஓட்டின் விளிம்பு அப்போது தனியாகத் தெரியும். ஓடை அரித்த கரையையும், கிணறு வெட்டிக் கொட்டிய மண்ணையும் விடக்கூடாது. செலவில்லாத அகழாய்வு அது. ஆடு மேய்ப்பவரிடம், “அண்ணாச்சி, இங்கன தாழி கீழி கெடக்கா?” என்று கேட்டால் பாதி நடை மிச்சம்.

சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் இன்னொரு சங்கடம். பட்டாசு ஆலையில் அறைக்கும் அறைக்கும் இடைவெளி விடவேண்டும் என்பது வெடிபொருள் விதி. அதனால் தரிசு மேடுகள் பல வேலிக்குள் போய்விட்டன. செல்போனையும் இரும்புக் கொத்தையும் வாசலிலேயே வைத்துவிட்டு, போர்மேன் கூடவர, கண்ணால் மட்டும் பார்க்கலாம். வெளியே வந்துதான் குறிப்பெடுக்க முடியும். ஆனால் வேலிக்குள் ஏரும் குவாரியும் நுழையாததால் சில இடங்களில் தரை கலையாமல் இருக்கிறது. பட்டாசுக்குத்தான் நன்றி சொல்லவேண்டும்!

வெம்பக்கோட்டை அருகே விஜயகரிசல்குளத்தில், வைப்பாற்றங்கரையில், 25 ஏக்கர் மேடு இருக்கிறது. மாநிலத் தொல்லியல் துறை 2022 மார்ச்சில் தோண்டத் தொடங்கியது. நுண்கற்கருவி, சங்கு வளையல், சுடுமண் உருவம், கண்ணாடி மணி, தங்க அணிகலன் எல்லாம் வந்தன. தோண்டுமுன் அது ஓடு சிதறிய வெறும் மேடு. மண் தேடி வருபவர் கண்ணுக்கு நல்ல மண்.

1958ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டத்தின் 2010 திருத்தம், மத்திய அரசு அறிவித்துப் பாதுகாக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை போடுகிறது. அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாடு. அறிவிக்காத மேட்டுக்கு அந்த வேலி கிடையாது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அருகே ஏ14 சாலையைப் புதிதாக அமைத்தபோது, சுமார் 250 தொல்லியலாளர்களை இறக்கித் தோண்டிப் பார்த்தார்கள். அத்தனை பேரை நாம் கேட்கவில்லை. மண் எடுக்கப்போகும் சர்வே எண்களைக் கொடுத்தால் போதும். அவற்றை ஒப்பந்ததாரர் முடிவுசெய்வது பெரும்பாலும் வேலை உத்தரவு கிடைத்த பிறகு. எங்கள் அறிக்கையோ அதற்கு முன்பே கோப்பில் ஏறியிருக்கும். ஆகவே சாலைக்கோட்டுக்கு ஒரு நடை, மண்குழிகளுக்குத் தனியாக இன்னொரு நடை என்று பணித்திட்டத்திலேயே எழுதிவைக்கச் சொல்கிறேன்.