தரங்கம்பாடியில் ஒரு புதன்கிழமை

மாசி மாசத்துல எங்களுக்குக் கொஞ்ச நாள் கை காலியா இருக்கும். சம்பா அறுத்தாச்சு, நெல்லும் போயாச்சு. அறுப்புக்கு முன்னாடியே ஈரத்துல தெளிச்ச உளுந்து நாலு இலை விட்டிருக்கு. அதுக்கு இனி பனிதான் தண்ணி. அப்படி ஒரு புதன்கிழமை நானும் வீட்டம்மாவும் புளிசாதம் கட்டிக்கிட்டு தரங்கம்பாடி போனோம்.

மயிலாடுதுறையிலேர்ந்து பஸ்ல போனா பொறையார் தாண்டினதும் வந்துடும். 1986 வரைக்கும் ரயிலே ஓடிச்சு. சின்ன வயசுல அப்பாவோட அதுல போயிருக்கேன். நீங்க வர்றதா இருந்தா ஞாயித்துக்கிழமை வராதீங்க, கூட்டம். நாங்க போன அன்னிக்குக் கோட்டைக்கு முன்னால உள்ள வெட்டவெளியில எங்களைத் தவிர மேயுற நாலு ஆடுதான். கடல் சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

கோட்டை 1620ல டேனிஷ்காரங்க கட்ட ஆரம்பிச்சது. தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட ஒப்பந்தம் போட்டு, வருஷத்துக்கு இவ்வளவுன்னு பணம் கட்டி இடம் வாங்கினாங்க. அவங்களுக்கு வேண்டியது மிளகு. எங்க பேச்சுல சொன்னா இது குத்தகை. குத்தகைக்கு வந்தவன் கொட்டகை போடுவான். இவங்க கோட்டையே போட்டுட்டாங்க. 225 வருஷம் இருந்துட்டு, 1845ல இதையும் வங்காளத்துல இருந்த செராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு வெள்ளைக்காரக் கம்பெனிக்கு வித்துட்டுக் கிளம்பிட்டாங்க. நடுவுல 1706ல வந்த சீகன்பால்கு தமிழ் படிச்சு, இங்கேயே அச்சுக்கூடம் வெச்சு, 1715ல புதிய ஏற்பாட்டைத் தமிழ்ல அச்சடிச்சாரு. அதைச் சொல்லாம விட்டா தப்பு. ஆனா விக்கும்போது, வலை போட்டவனையும் ஏர் ஓட்டினவனையும் யாராவது ஒரு வார்த்தை கேட்டிருப்பாங்கங்கிறீங்களா?

குத்தகைன்னதும் நான் இவ்வளவு யோசிக்கிறதுக்குக் காரணம் இருக்கு. எங்க ஊருக்குக் கிழக்கால வயலெல்லாம் ஒவ்வொண்ணா இறால் குட்டை ஆயிடுச்சு. என் ஆறு மாவையும், அதாவது ரெண்டு ஏக்கரை, அஞ்சு வருஷக் குத்தகைக்கு ஒருத்தர் கேக்குறாரு. வருஷத்துக்கு அவர் சொல்ற பணம், நல்லா விளைஞ்ச வருஷத்துல எனக்கு மிஞ்சுறதைப் போல ரெண்டு மடங்கு. பொண்ணுக்கு வரன் பாத்துக்கிட்டிருக்கோம். அதனால வீட்டம்மாவுக்குக் குடுக்கலாம்னு ஒரு எண்ணம். எனக்கு உப்பைப் பத்தித்தான் பயம். குட்டையில உப்புத்தண்ணி நின்னா அடுத்த வயலுக்குக் கசியும். அஞ்சு வருஷம் கழிச்சு மண்ணைத் திருப்பிக் கொடுப்பாரு, எந்த மண்ணை?

மத்தியானம் சாப்பிட்டுட்டு வடக்கால மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் நடந்தோம். குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில், எழுநூறு வருஷம் ஆச்சு. முன்பக்கம் இருந்ததெல்லாம் கடலுக்குள்ள போயி, மிச்சத்தைக் காப்பாத்தப் பாறாங்கல்லா கொட்டி வெச்சிருக்காங்க. நிழல்ல ஒரு பெரியவர் வலை பின்னிக்கிட்டிருந்தாரு. "கடல் இங்கதான் இருந்துச்சாய்யா?"ன்னு கேட்டேன். சிரிச்சாரு.

"எங்க தாத்தா வலை காயப்போட்ட இடம் அங்க இருக்கு தம்பி"ன்னு அலைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாரு. சுனாமியைப் பத்திக் கேக்க வாய் வந்துச்சு, கேக்கலை. அவரே, "2004க்கு அப்புறம் வீடெல்லாம் உள்ள தள்ளிக் கட்டிக் கொடுத்துட்டாங்க. இருந்தாலும் பகல்ல இங்க வந்து உக்காந்தாத்தான் வேலை ஓடுது"ன்னாரு.

வீட்டம்மா கோயில் சுவத்தைத் தடவிப் பாத்துட்டு விரலை நாக்குல வெச்சாங்க.

"ஏங்க, கரிக்குதுங்க."

கருங்கல்லே பொரிஞ்சு போயி, தொட்டா மாவா உதிருது. அவங்க அதுக்கு மேல ஒண்ணும் சொல்லலை. நானும் பேச்சை எடுக்கலை. நாலு மணி வரைக்கும் கல்லு மேல உக்காந்து அலையைப் பாத்துக்கிட்டிருந்தோம். கல்யாணம் ஆகி முப்பது வருஷத்துல வேலை இல்லாம ரெண்டு பேரும் சும்மா உக்காந்திருந்தது அன்னிக்குத்தான்னு நெனைக்கிறேன்.

திரும்புறப்ப பொறையார்ல இறங்கிக் கருவாடு வாங்கினோம். அந்த ஆளு நேத்து மறுபடி போன் பண்ணினாரு, வெள்ளிக்கிழமை சொல்றேன்னேன். ராத்திரி ரெண்டு பேரும் கல்யாணச் செலவுக் கணக்கைத் திரும்பவும் போட்டோம். மண்டபத்தை விட்டுட்டுக் கோயில்லயே தாலி கட்டினா எவ்வளவு குறையும்னு வீட்டம்மாதான் முதல்ல கேட்டாங்க.