அலமாரியின் கீழ்த்தட்டு

உயர்ந்த பொருளை ரசிப்பதற்குப் பெரிய ரசனை எதுவும் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். விலைச் சீட்டே பாதி ரசனையைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறது. 150 டாலர் கொடுத்து வாங்கி வந்ததை "சுமார்தான்" என்று சொல்ல எவனுக்கு மனம் வரும்? தினசரி புழங்குகிற பொருள் இருக்கிறதே, அதில் எது கௌரவமான சாதாரணம், எது வெறும் மட்டம் என்று பிரித்துச் சொல்வதற்குத்தான் நாக்கு வேண்டும்.

இதைக் காபியை முன்னிட்டு எழுதியிருந்தால் வீட்டில் சந்தோஷப்பட்டிருப்பார்கள். என்ன செய்வது? விஷயம் எனக்குப் புலப்பட்டது அமெரிக்காவில், கெண்டக்கி மாகாணத்து லூயிவில் நகரத்தில், பர்பன் என்ற விஸ்கியின் மூலமாக. குடிக்கு வக்காலத்து வாங்கக் கிளம்பிவிட்டேனோ என்று யாரும் பயப்பட வேண்டாம். கும்பகோணத்துக்குப் போனவன் வெற்றிலையைப் பற்றிப் பேசாமல் வர முடியாது. கெண்டக்கிக்குப் போனவன் கதியும் அதுதான்.

என் தமக்கை பிள்ளைக்கு அங்கே உத்தியோகம். அவன் வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி. அதில் நவராத்திரிக் கொலு வைக்கிற ஒழுங்கில் புட்டிகள். பெரும்பாலும் திறக்காதவை. "மாமா, இது குலுக்கலில் விழுந்தது, இதற்காகக் கடை வாசலில் நாலு மணி நேரம் நின்றேன்" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்தல புராணம் சொல்வான். ருசியைப் பற்றிக் கேட்டால் மட்டும், "திறந்தால் மதிப்புப் போய்விடும்" என்பான்.

அடுத்த வீட்டில் ஒரு கிழவர். விஸ்கிக் கிடங்கில் பீப்பாய் உருட்டியே முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர். நிரம்பிய பீப்பாய் ஒன்று 500 பவுண்டுக்கு மேல் எடை. அவருடைய முழங்கால்கள் இரண்டும் அதற்குச் சாட்சி. சாயங்காலம் வாசல் தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு கிளாஸ் குடிப்பார். எவன் வில்லியம்ஸ், கறுப்புச் சீட்டு. 'எவன்' என்று கேட்காதீர்கள், ஆசாமியின் பெயரே அதுதான். அவர் 1783ல் இந்த ஊரில் வடிக்க ஆரம்பித்தார் என்று சீட்டில் போட்டிருக்கிறார்கள். சரித்திரக்காரர்கள் சிலர் ஒப்புக்கொள்வதில்லை. 750 மில்லி புட்டி 15 டாலர் சுமாருக்குக் கிடைக்கிறது. கடையில் கீழ்த்தட்டில் இருக்கும். குனிந்துதான் எடுக்க வேண்டும். கிழவருக்கு அதில் இருந்த ஒரே குறை அதுதான்.

மலிவு என்றதும் நம் மனசு கலப்படம் என்று தாவுகிறது. அங்கே சட்டம் குறுக்கே நிற்கிறது. பர்பன் என்று பெயர் போட வேண்டுமானால் தானியத்தில் 51 சதவிகிதமாவது மக்காச்சோளமாக இருக்க வேண்டும். உட்புறம் கருக்கிய புது ஓக் பீப்பாயில்தான் ஊற வைக்க வேண்டும். சாயம் சேர்க்கக் கூடாது, வாசனை சேர்க்கக் கூடாது. தண்ணீர் மட்டும் விடலாம். 'ஸ்ட்ரெய்ட்' என்று போட்டு, வயது போடாமல் விட்டால், நாலு வருஷத்துக்குக் குறையாமல் ஊறியிருக்க வேண்டும். கீழ்த்தட்டுப் புட்டிக்கும் இதே சட்டம்தான். ஒரு தரம் உபயோகித்த பீப்பாயில் மறுபடி பர்பன் ஊற வைக்க முடியாது. அப்படிக் கழிந்ததை ஸ்காட்லாந்துக்காரர்கள் வாங்கிக்கொண்டு போய்த் தங்கள் விஸ்கியை ஊற வைக்கிறார்கள்.

இன்னொரு சங்கதி கேட்டால் சிரிப்பீர்கள். என் மருமான் அலமாரியில் மூலவர் ஸ்தானத்தில் இருந்தது எலைஜா கிரெய்க் என்ற 18 வருஷத்துப் புட்டி. பத்து மடங்குக்குக் குறையாத விலை. அதுவும் கிழவருடைய எவன் வில்லியம்ஸும் ஒரே கம்பெனியின் சரக்கு, ஒரே கலவை. மக்காச்சோளம் 78, முளைகட்டிய பார்லி 12, ரை 10. ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான். ஒன்றை நாலைந்து வருஷத்தில் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். மற்றதை 18 வருஷம் வீட்டில் வைத்து வளர்த்தார்கள். அதற்குள் பீப்பாயில் பாதிக்கு மேல் ஆவியாகிவிடும். 'தேவதைகளின் பங்கு' என்று அதற்குப் பெயர். அந்தப் பங்குக்கும் சேர்த்துத்தான் நாம் பணம் கொடுக்கிறோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை இரண்டையும் பரீட்சை பார்த்துவிடுவது என்று தீர்மானமாயிற்று. மூலவரைத் திறக்க மருமான் சம்மதித்தது அவன் மனைவியின் சாமர்த்தியம். அவளே உள்ளே போய்க் கிளாஸ்களில் ஊற்றி, அடியில் அடையாளம் ஒட்டிக் கொண்டுவந்து வைத்தாள். கிழவர் எனக்கு உபாத்தியாயர். "மூக்கை உள்ளே விடாதீர்கள். வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு மோந்து பாருங்கள். முதல் மிடறை நம்பாதீர்கள். அது நாக்கை எழுப்புவதற்கு. இரண்டாவதுதான் பேசும்."

முதல் கிளாஸில் வெனிலா வாசனை, காய்ச்சி முறுகிய சர்க்கரைப் பாகு, வேர்க்கடலைத் தோல் போல ஒன்று. இந்த வெனிலா வெளியிலிருந்து வந்ததல்ல, கருக்கிய ஓக் மரத்திலேயே இருப்பது. நாக்கில் இனிப்பாக ஆரம்பித்து, நடுவில் கொஞ்சம் நீர்த்துப் போய், தொண்டையில் சுருக்கென்று ஒரு காரம். அப்புறம் சீக்கிரமே விடைபெற்றுக்கொண்டு போய்விட்டது. இரண்டாவது கிளாஸ் வேறு ஜாதி. பழைய மரப்பெட்டியைத் திறந்த வாசனை, உலர்ந்த பழம், புகையிலை. போன பிறகும் வெகு நேரம் வாயில் நின்றது. எது உயர்ந்தது என்று கேட்டதற்கு மூவரும் இரண்டாவதைக் காட்டினோம். மருமானுக்கு முகம் மலர்ந்தது. நியாயந்தானே?

சாப்பாடு முடிந்து பேசிக்கொண்டிருந்தோம். கிளாஸ்கள் மேஜையிலேயே இருந்தன. ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்கிறேன்: முதல் கிளாஸ்கள் மூன்றும் காலி. இரண்டாவது கிளாஸ்களில் பாதிக்கு மேல் மிச்சம். மருமானுடையதிலும்தான். அத்தனை மரத்தையும் துவர்ப்பையும் இரண்டு மிடறுக்கு மேல் நாக்கு தாங்கவில்லை. கச்சேரியில் மூன்று மணி நேரம் கேட்ட ராகத்தை வீட்டுக்கு வந்தும் பாடச் சொல்வோமா?

அதனால் அன்றாடப் புட்டியை நான் எடை போடுவது இப்படி: நாளைக்கும் அதே நேரத்தில் அதே கிளாஸ் வேண்டுமென்று தோன்ற வேண்டும், நாளைக்கும் அதே ருசி இருக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனை லேசானதல்ல. கிடங்கின் மேல் தளத்தில் வெயில் ஏறி விஸ்கி வேகமாக முதிரும், கீழே மெதுவாக. ஒரு பீப்பாய் போல இன்னொன்று இராது. பல தளத்துப் பீப்பாய்களைச் சேர்த்துப் போன வருஷத்து ருசியையே இந்த வருஷமும் கொண்டுவருவது ஒரு வித்தை. 1996 நவம்பர் 7ந் தேதி பார்ட்ஸ்டவுனில் இந்தக் கம்பெனியின் ஏழு கிடங்குகளும் வடிசாலையும் தீப்பற்றி எரிந்தன. 90,000 பீப்பாய்க்கு மேல் போயிற்று. போட்டிக் கம்பெனிகளே இவர்களுக்காக வடித்துக் கொடுத்தார்கள். 1999ல் லூயிவில்லில் வேறு வடிசாலை வாங்கும் வரையில் அப்படித்தான் நடந்தது. கீழ்த்தட்டு காலியாகவில்லை.

அந்த நடு நீர்ப்பை மட்டும் நான் மன்னிப்பதாக இல்லை. சில டாலர் கூடக் கொடுத்தால் அதே பெயரில் வெள்ளைச் சீட்டு கிடைக்கிறது. 43க்குப் பதில் 50 சதவிகிதம், 1897ம் வருஷத்துச் சட்டப்படி அடைத்தது. அதில் நீங்களே இஷ்டப்படி தண்ணீர் விட்டுக்கொள்ளலாம். என் ஓட்டு அதற்கு. கிழவர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "அந்தச் சில டாலர் மாசக் கடைசியில் தெரியும்" என்றார்.

இதைப் பற்றி எழுதப் போவதாகச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. கெண்டக்கியில் மட்டும் விற்ற ஒரு புட்டி இருந்ததாம்; பெயர் வேண்டாம். ஆறு வருஷம் ஊறியது, 50 சதவிகிதம், விலையோ இதே அளவு. அவரும் அவர் மனைவியும் வருஷக்கணக்காகக் குடித்தது. வெளியூர்க்காரர்கள் கண்டுபிடித்துப் புகழ ஆரம்பித்தார்கள். பெட்டி பெட்டியாகக் காரில் ஏற்றினார்கள். 2018ல் அதை நிறுத்திவிட்டார்கள். மறு வருஷம் ஒரு வயது கூடி, புதுச் சட்டை போட்டுக்கொண்டு, 40 டாலருக்கு வேறு மாகாணங்களில் வந்து இறங்கியது. "என் மனைவி போன வருஷமும் அதுதான். கடைசிப் புட்டியில் கொஞ்சம் இருக்கிறது. நான் தொடுவதில்லை" என்றார்.

சற்று நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எந்தப் பாஷையில் எழுதுவீர்கள்?" என்று கேட்டார்.

"தமிழில்."

"இந்த ஊரில் அதை எத்தனை பேர் படிப்பார்கள்?"

மருமானைத் திரும்பிப் பார்த்தேன். "நான் படிப்பேன், மாமா. கொஞ்சம் மெதுவாக" என்றான்.

"அப்படியானால் எழுதுங்கள்" என்று கிழவர் உத்தரவு கொடுத்தார்.